முப்பத்து மூன்றில் கேட்ட குரல்

என் அண்ணனுக்கு அப்பா ஒரு பெயர் வைத்திருந்தார். வங்கிக்காரர்களைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் காதுக்காரர். "காதுக்காரர் கடை எங்கே?" என்று பஸ் நிறுத்தத்தில் கேட்டால் கைகாட்டி விடுவார்கள். காது வைத்தியர் என்று நினைத்துக்கொண்டு, பஞ்சை அடைத்த காதோடு இரண்டு பேர் உள்ளே வந்ததும் உண்டு. அவர்களையும் அண்ணன் உட்காரவைத்து ஒரு பாட்டுப் போட்டுக் காட்டித்தான் அனுப்பினார்.

கடை இசைத்தட்டுக் கடை. ஒரு பக்கம் சலவைக் கடை, மறுபக்கம் சாவி செய்பவர். ரயில்பெட்டி மாதிரி நீளமான அறை, இரண்டு பக்கமும் மரத் தொட்டிகளில் தட்டுகள், கடைசியில் ஒரு உயரமான மேஜை. அதன்மேல் தட்டைப் போட்டுக் கேட்கும் சுழல்மேடை, இரண்டு பக்கமும் என் இடுப்பளவுக்கு ஸ்பீக்கர்கள். உருகிப் பாடும் சோல், ஆடவைக்கும் ஃபங்க், தாளத்தோடு பேசும் ஹிப்ஹாப், இந்த மூன்றும்தான் விற்போம். வேறு ஏதாவது கேட்டு வந்தால், "அது ரெண்டு தெரு தள்ளிக் கிடைக்கும்" என்பார் அண்ணன், மீன் கேட்டு வந்தவரிடம் சொல்வதைப்போல. வியாபாரத்துக்குக் குறைவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் சனிக்கிழமையானால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பாதிக் காரணம் அண்ணனின் கோடைத்தாள். வெயில் ஏறத் தொடங்கும் வாரத்தில், அந்த வருடம் வந்த புதுத் தட்டுகளில் ஏழு தட்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் நாலு வரி எழுதுவார். அதை நான் தட்டச்சு செய்து, நகல் எடுத்து, கடை முகப்புக் கண்ணாடியில் ஒன்று ஒட்டிவிட்டு மீதியை மேஜையில் வைப்பேன். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நன்றாகவே எழுதுவார். ஒரு ஃபங்க் தட்டைப் பற்றி, "படியேறும்போது கேட்காதீர்கள், மூன்று மூன்று படியாகத் தாவிக் காலை உடைத்துக்கொள்வீர்கள்" என்று எழுதினார். ஒரு ஹிப்ஹாப் தட்டுக்கு, "பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால் மட்டும் சத்தமாக வையுங்கள். கெட்டவராக இருந்தால் இன்னும் சத்தமாக வையுங்கள்" என்றார். ஜனங்கள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை வரிசையாக வாங்குவார்கள். அவர் நன்றாயிருக்கிறது என்றால் நன்றாயிருக்கிறது. அப்பீலே கிடையாது.

நான் அவர் தங்கை. ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தேன். பள்ளியை மூடியதும் இங்கே வந்துவிட்டேன். பதினோரு வருடம் ஆகிறது. பின்னறையில் உட்கார்ந்து, வந்த பெட்டிகளைப் பிரித்து, தட்டுகளைத் துடைத்து, எங்கேயாவது ஊசி குதிக்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒட்டுச்சீட்டு ஒட்டி முன்னால் அனுப்ப வேண்டும். ஆக, கடைக்கு வரும் ஒவ்வொரு தட்டையும் முதலில் கேட்பது நான். அண்ணன் அதைக் கேட்பது என்று சொல்லமாட்டார், சோதிப்பது என்பார். கேட்பது அவர் வேலை. நாற்பத்தாறு வயதிலும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருடம் வெயில் தொடங்குமுன் ஒரு சம்பவம் நடந்தது. ஒரு நர்ஸ் அம்மா வந்து, வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்க நல்லதாக ஒன்று வேண்டும் என்றார். அண்ணன் சலவைக் கடையில் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு ஹிப்ஹாப் தட்டை எடுத்துக் கொடுத்தேன். நிதானமான தாளம், வம்பில்லாத வார்த்தைகள், களைப்புக்கு இதமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் உள்ளே வந்துவிட்டார். தட்டை அந்த அம்மா கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தார். "பாப்பா பேச்சைக் கேக்காதீங்க. அது காது தூசி தட்டுறதுக்குத்தான் ஆகும்." கடையில் அப்போது ஒன்பது பேர் இருந்தார்கள். எண்ணியிருக்கிறேன் என்பதிலிருந்தே என் மனசு உங்களுக்குப் புரியும். ஒன்பது பேரும் சிரித்தார்கள், நர்ஸ் அம்மா உட்பட. நானும் சிரித்து வைத்தேன். பின்னறைக்குப் போய் ஒரே தட்டைப் பத்து நிமிடம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. நாற்பது தட்டுகள், வெறும் வெள்ளை உறை, மூலையில் ரப்பர் முத்திரையில் ஒரு குழுவின் பெயர். பாடுபவர் படமோ பெயரோ இல்லை. யாரோ சொந்தமாக அச்சடித்து, விற்றுத் தரும்படி அனுப்பியது என்று பார்த்தாலே தெரிந்தது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று தடவை சுற்றும், சின்னத் தட்டு நாற்பத்தைந்து தடவை. ஆனால் சிலர் பெரிய தட்டையே நாற்பத்தைந்தில் சுற்றும்படி அச்சடிப்பார்கள். ஒலி இன்னும் துலக்கமாக இருக்கும். நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் பொடி எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள். கவனிக்காமல் போட்டால் பாட்டு இழுத்துக்கொண்டு போகும். பெண் குரல் ஆண் குரலாகிவிடும்.

இதுவும் பெரிய தட்டு, காகிதத்தில் நாற்பத்தைந்து என்று போட்டிருந்தது. நான் படித்தேன், வேகத்தை மாற்றும் பொத்தானை அழுத்தினேன், ஊசியை வைத்தேன். சுறுசுறுப்பான ஃபங்க். கனத்த ஒலி தரும் பேஸ் கிடார் குறும்பு பண்ணிக்கொண்டு முன்னே ஓட, ஒரு சின்னப் பெண் அதைத் துரத்திக்கொண்டு பாடினாள். வரிக்கு நடுவில் மூச்சு வாங்கினாள், ஒரு இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் அதோடு சேர்த்தே பாடினாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. சோதித்து முடித்த பிறகும் இன்னொரு தடவை போட்டேன். அத்தனை வருடத்தில் நான் அப்படிச் செய்தது அதிகமில்லை.

மறுநாள் காலை, கடை திறந்து யாரும் வராத நேரத்தில், அண்ணன் அந்தத் தட்டை முன்னால் போட்டார். முந்தின தட்டு முப்பத்து மூன்று. பொத்தானை மாற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஸ்பீக்கரிலிருந்து ஒரு கிழவர் பாடினார். கனத்த, களைத்த குரல். அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் யாரோ விம்முகிறமாதிரி இருந்தது.

நான் பின்னறை வாசலுக்கு வந்து, "அண்ணே, இது..." என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கினார். அவர் கேட்கும்போது யாரும் பேசக் கூடாது என்பதற்கு அந்த விரல். வாயை மூடினேன். அதுவரை என் மேல் தப்பில்லை. பாட்டு முடிந்ததும் அவர் கண் கலங்கியிருந்தது. "பாப்பா, இந்த மனுஷன் வாழ்க்கையில எல்லாத்தையும் தொலைச்சிருக்கான்டி. அம்பத்தஞ்சு வயசாவது இருக்கும். இப்படி ஒரு சோல் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். விரல் இறங்கியிருந்தது, கடையில் யாருமில்லை, ஒரே வாக்கியம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அந்த ஒன்பது பேரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. "ஆமாண்ணே, ரொம்ப உருக்கமா இருக்கு" என்றேன்.

நாலு பேர் முன்னால் அவர் மூக்கு உடையட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் திட்டம். அந்த மூக்குக்குப் பின்னால் இன்னொருத்தி நிற்கிறாள் என்பதை யோசிக்கவேயில்லை.

கோடைத்தாளில் அதை முதலாவதாகப் போட்டார். "மதியம் இரண்டு மணிக்கு, ஜன்னலை மூடி, மின்விசிறிக்குக் கீழே வெறுந்தரையில் படுத்துக்கொண்டு கேளுங்கள். ஒரு முதியவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் கதையை மெதுவாகச் சொல்வார். குறுக்கே பேசாதீர்கள்." இதை என் விரலாலேயே தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லை.

கூத்து அதற்குப் பிறகு. முதல் வாரத்திலேயே பத்து தட்டுகள் போயின. வாங்கியவர்கள் காகிதத்தைப் படித்து நாற்பத்தைந்தில் போட்டிருக்க வேண்டாமா? போட்டார்கள், கிழவர் வரவில்லை. உடனே பொத்தானைத் தட்டி முப்பத்து மூன்றுக்கு இறக்கிக் கிழவரை வரவழைத்துக்கொண்டார்கள். ஒரு தையல்காரர், தன் சுழல்மேடை வேகமாக ஓடுகிறது, பழுது பார்க்க வேண்டும் என்று அதையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் அதை முப்பத்து மூன்றில் வைத்துச் சோதித்து, "மெஷின் நல்லாத்தான் இருக்கு, பட்டனை ஒழுங்கா அழுத்துங்க" என்று திருப்பிக் கொடுத்தார். காகிதத்தில் அச்சடித்திருப்பதைவிட என் அண்ணன் காதை நம்பினார்கள். நான் பின்னறையில் வாயைப் பொத்திச் சிரித்தேன். சிரித்தேன் என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மதியம் கடை நிறைய ஆட்கள். நான் பின்னறைச் சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் உள்ளே வந்தார்கள். பெண்ணுக்கு இருபத்திரண்டு இருக்கும், செருப்புக் கடைச் சீருடையில் இருந்தாள், வேலை இடைவேளையில் வந்திருந்தாள். அம்மா கையில் ஒரு கேக் பெட்டி. கண்ணாடியில் இருந்த தாளைக்கூடப் படிக்காமல் நேரே மேஜைக்கு வந்தார்கள். எதையோ சொல்ல வந்தவள், கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டுத் தயங்கினாள். அண்ணன் அதைத் தட்டு வாங்க வந்தவளின் தயக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"எதை எடுக்கறதுன்னு தெரியலையாம்மா? இரு, இதைக் கேளு. இந்தப் பெரியவர் குரலைக் கேட்டா நீ வேற எதையும் கேக்க மாட்டே."

ஊசியை வைத்தார். கிழவர் பாடத் தொடங்கினார். பெண் முதலில் சிரித்த முகமாகத்தான் நின்றாள். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"இது... இது நான்தாங்க" என்றாள்.

அண்ணனுக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"பாடினது நான்தாங்க. வேகம் மாறிப்போச்சு." அவளே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

பாட்டு ஒரே தாவில் மேலே ஏறியது. பின்னறையில் நான் இரண்டு தடவை கேட்ட அதே பாட்டு, அதே குரல். ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் மூன்று வாரமாகக் கிழவரைக் கேட்டுப் பழகியவர்கள். அந்தக் காதுக்கு அது பொம்மைப் படத்தில் அணில் பேசுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை, என்றாலும் கடை முழுக்கச் சிரித்தது. பாட்டில் அவள் சிரிப்பை அடக்க முடியாத இடம் வந்தபோது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒரு பையன், "கெழவரையே போடுங்க காதுக்காரரே" என்றான்.

அவள் தன் குரலுக்கு நடுவில் நின்றுகொண்டு, சிரிக்க முயற்சி செய்தாள். அந்த முயற்சியை நான் அறிவேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே இடத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

"மூணு வருஷமா உழைச்சு இந்தப் பிள்ளைங்க அச்சடிச்சாங்க. என் பொண்ணு குரலை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார் அம்மா. சத்தம்கூடப் போடவில்லை. தட்டு நன்றாக விற்கிறது என்று நன்றி சொல்லக் கொண்டுவந்த கேக் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நான் எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அது நடந்தது, நாலு பேர் முன்னால் அவர் மூக்கு உடைந்தது. நான் அதைப் பார்க்கவேயில்லை. வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். விற்காத தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். அண்ணன் கெஞ்சினார். "பரவாயில்லைங்க, தப்பு எல்லாருக்கும் வர்றதுதான், ஆனா வேணாங்க" என்றாள். மீதியிருந்த பதினேழு தட்டுகளையும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு போனாள். நான் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை.

அண்ணன் ஒரு காரியம் செய்தார். கண்ணாடியிலிருந்து கோடைத்தாளைக் கிழித்துவிட்டு, தன் கையாலேயே எழுதி ஒட்டினார்: "முதல் தட்டை நான் தப்பான வேகத்தில் கேட்டுவிட்டுப் பெரிய மேதாவிபோல எழுதினேன். பாடியவர் ஓர் இளம்பெண். அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். நாற்பத்தைந்தில் கேளுங்கள்." தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். காதுக்காரர் என்ற பெயர் போய், ஒரே வாரத்தில் முப்பத்துமூணு என்ற பெயர் வந்தது. "என்ன முப்பத்துமூணு, சௌக்கியமா?" என்று சாவிக்காரர் கேட்பார். அண்ணனும் "சௌக்கியம்" என்பார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதைவிட மோசம், அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். முப்பது வருடமாகத் தெரிந்த தட்டைப் போட்டாலும், பின்னறைக்கு எட்டிப் பார்த்து, "பாப்பா, இது சரியான வேகம்தானே?" என்பார். "சரிதாண்ணே" என்பேன். ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பார், இருபது தடவையும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று விட்டுவிடுவேன். இப்படியே ஒரு வருடம் ஓட்டினேன்.

மறுபடியும் கோடை வந்தது. வருகிறவர்களெல்லாம் தாள் எங்கே என்று கேட்டார்கள். ஒரு நாள் காலை அண்ணன் வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"இந்த வருஷம் நீ எழுது பாப்பா."

"நானா?"

"எல்லாத்தையும் முதல்ல கேக்குறது நீதானே. என் காதை இனிமே நம்ப முடியாது. அன்னைக்கு அந்த நர்ஸம்மா விஷயத்துல நான் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

பதினோரு வருடமாக நான் ஆசைப்பட்டது அந்தத் தாள். அது என் கைக்கு வந்த விதத்தைப் பாருங்கள். பேனாவைத் தொட முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக அன்று வந்த பெட்டி ஒன்றைப் பிரித்தேன். வெள்ளை உறை, அதே ரப்பர் முத்திரை. மேலே மடித்த ஒரு சீட்டு இருந்தது. அண்ணன்தான் எடுத்து வாசித்தார். "ஐயா, போன வருஷம் உங்கள் கடையில் எல்லாருக்கும் எது பிடித்தது என்று பார்த்தேன். இந்தத் தட்டில் அப்படியே பாடியிருக்கிறேன். பிடித்தால் தாளில் போடுங்கள்."

காகிதத்தில் முப்பத்து மூன்று என்று போட்டிருந்தது. அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மூன்று தடவை படித்துவிட்டு ஊசியை வைத்தார். மெதுவான, கனத்த இசை. அவள் தொண்டையை அழுத்தி, குரலைக் கீழே இறக்கி, இல்லாத களைப்பை வரவழைத்துக்கொண்டு பாடினாள். மூச்சு வாங்கவில்லை. எங்கேயும் சிரிப்பு வரவில்லை. கிழவரைப்போலப் பாடினாள்.

"பாப்பா, இது சரியான வேகமா?" என்றார் அண்ணன்.

"சரியான வேகம்தாண்ணே" என்றேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணே, போன வருஷம் எனக்கு முதல்லயே தெரியும். நீங்க கேக்குறதுக்கு முந்தின நாளே நான் நாப்பத்தஞ்சுல கேட்டேன். நீங்க தப்பாப் போட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சும் வேணும்னே சொல்லல. உங்க மானம் போகணும்னு நெனச்சேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஊசியைத் தூக்கி, தட்டு சுற்றி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"நாப்பத்தஞ்சுல கேட்டப்போ எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுண்ணே. ரெண்டு தடவை போட்டேன்."

"அதை அந்தப் பொண்ணுகிட்ட யாராவது சொன்னோமா?"

யாரும் சொல்லவில்லை. அண்ணன் மன்னிப்புக் கேட்டார், கூட்டம் சிரித்தது. நன்றாயிருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் குரல் அது இருந்தபடியே கேட்டுப் பிடித்துப்போனது அந்தக் கடையிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான். நான் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அண்ணன் சீட்டின் அடியில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, என் கையில் கொடுத்தார். மணி இரண்டு முறை அடித்ததும் எடுத்தாள். அவளுடைய சொந்தக் குரல், வேகமாக, "யாருங்க?" என்றது. நான் இன்னார் என்று சொன்னேன். முதல் தட்டை யாரும் தப்பாகப் போடுமுன்னால், அது வந்த அன்றே சரியாகக் கேட்டேன் என்றேன். பேஸ் கிடாரைத் துரத்திக்கொண்டு பாடினதையும், சிரிப்பை அடக்க முடியாமல் பாடின இடத்தையும் சொன்னேன். "அப்படியே பாடும்மா. அது மாதிரி நான் கேட்டதில்ல" என்றேன்.

அந்தப் பக்கம் செருப்புக் கடையில் யாரோ அளவு கேட்பது கேட்டது.

"அப்போ அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்போ நீங்க எங்கே இருந்தீங்க?" என்றாள்.

அண்ணன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எங்கே இருந்தேன் என்பதைச் சொன்னேன். ஏன் வெளியே வரவில்லை என்பதையும் சொன்னேன்.